விளிம்பில் பல் இல்லாத இலை

அன்புள்ள மகனே என்று தொடங்கினால் நீ அடுத்த வரிக்கு வரமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். அந்தப் பொட்டலங்களை எந்தெந்த டியூஷன் வீடுகளில் கொடுத்தாய் என்று நீ இன்னும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "அது சும்மா சாம்பிள்தாம்மா" என்கிறாய். பிறகு காதில் எதையோ மாட்டிக்கொள்கிறாய். நாளை இரவு ரயிலில் உன் மாமாவோடு சென்னைக்குப் போவதாக இருக்கிறாய். பிளஸ் டூ பரீட்சை வரப்போகிறது. எங்கெங்கோ சில வீடுகளில், யார் யாரோ பெற்ற பிள்ளைகள், தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் ஆடுதின்னாப்பாளைப் பொடியை வல்லாரை என்று நம்பித் தேனில் குழைத்து விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீடுகள் எவை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் பையில் வைக்காமல் முகநூலில் போடுகிறேன். நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் போடுகிறேன். தினமும் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து விழுகிற இடத்தில் ஒருநாள் இதுவும் விழட்டும். ஆட்களின் பெயரை எழுதவில்லை. அவரவருக்கு அவரவர் பெயர் தெரியும்.

உன் மாமாவைப் பற்றி, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். உன் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறார். தினசரிக் காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் அடிக்கிறார். தை பிறந்தால் காலண்டர் சீசன் முடிந்துவிடும். மெஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வருடா வருடம் தை மாதத்தில் ஒரு புதுத் தொழில் தொடங்குவார். அவருக்குத் தொழில் தொடங்குவது என்றால் லேபிள் அடிப்பது. மற்றவர்கள் சரக்கைச் செய்துவிட்டு அதற்கு லேபிள் தேடுவார்கள். இவர் லேபிளை அடித்து, லேமினேஷன் போட்டு, ஓரத்தில் தங்க ஃபாயில் ஒட்டி, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துவிட்டு, இதற்குள் என்னத்தைப் போடலாம் என்று யோசிப்பார். ஒரு வருடம் சாம்பிராணி. ஒரு வருடம் நாய் சோப்பு. அந்த லேபிளில் இருந்த நாய் உண்மையிலேயே அழகு. சோப்புதான் கடைசி வரை வரவில்லை. லேபிளின் பின்பக்கத்தில் உன் தங்கை வாய்ப்பாடு எழுதிப் பழகினாள். இந்த வருடம் வல்லாரை. விருதுநகர் மாவட்டத்தில் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளையைப் பெற்றவர்களிடம், மேலே ஞாபகசக்தி என்று எழுதிவிட்டால் எதையும் விற்கலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாஸ் சதவீதத்தைக் கழுத்து நகை மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிற மாவட்டம் இது. நானும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

லேபிளுக்குப் படம் வேண்டும் என்றார். பி.காம். முடித்துவிட்டுப் போனும் கையுமாகப் படுத்திருந்த நீ, கேமரா நல்ல கேமரா என்ற ஒரே தகுதியில் கிளம்பினாய். வெம்பக்கோட்டை அணைக்குப் போகும் சாலையில், பட்டாசுக் கம்பெனி வேலியை ஒட்டிக் கிடக்கும் கரிசல் தரிசில் இறங்கினாய். வட்டமாக ஓர் இலை கண்ணில் பட்டது. நின்ற வாக்கிலேயே, உச்சி வெயிலில், மேலேயிருந்து ஒரே ஒரு படம். குனிந்திருந்தால்கூட எனக்கு இன்று இந்த வேலை இல்லை. செடியின் பெயர் சொல்லும் ஆப்பில் அந்தப் படத்தைப் போட்டாய். அது ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் காட்டியது. முதலில் வந்த பெயர் உன் வாயில் நுழையவில்லை. அடுத்தது உனக்குத் தெரிந்த பெயர், உன் மாமாவுக்கு வேண்டிய பெயர். அதைத் தொட்டாய். அந்த ஆப் பாவம். தனக்கு நிச்சயமில்லை என்று ஒப்புக்கொண்டுதான் பட்டியல் கொடுத்தது. உனக்கு அந்த அடக்கம்கூட இல்லை. பிறகு பிரஸ்ஸில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, சாம்பல் பூத்தாற்போல் நீலம் பாய்ந்திருந்த இலைக்கு ஃபில்டர் போட்டுப் பச்சைப் பசேலென்று ஆக்கினாய். அந்தச் செடி தன் உடம்பிலேயே காட்டிக்கொண்டிருந்த ஓர் அடையாளத்தை உன் கட்டைவிரல் துடைத்துவிட்டது.

லேபிள் வந்தாயிற்று, இனிச் சரக்கு. ஏதோ சோதனைக்குப் பயந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நேரம். வேலையில்லாமல் இருந்த பெண்களைக் கூலிக்குப் பிடித்தார் உன் மாமா. ஆளுக்கொரு லேபிளைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி இருக்கதைப் பாத்துப் பறிச்சுட்டு வாங்க" என்று வேனில் ஏற்றி அனுப்பினார். அவர்களும் படத்தில் இருந்ததை ஒரு மாற்றமும் இல்லாமல் பறித்து வந்தார்கள். சொன்ன வேலையைச் சரியாகச் செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஊரில் எல்லோரும் செடியைப் பார்த்துப் படம் வரைவார்கள். நம் குடும்பத்தில் படத்தைப் பார்த்துச் செடி பறிக்கிறார்கள். பறித்ததைப் பிரஸ் மொட்டைமாடியில் காயப்போட்டு, முதல் ஈட்டை மில்லில் கொடுத்துப் பொடியாக்கி, பொட்டலம் போட்டு, உன் பைக்கில் ஏற்றிவிட்டார்கள். மீதி இலை மூட்டையாக குடோனில் கிடந்தது.

மற்றதையெல்லாம் டியூஷன் வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தாலும், முதல் பொட்டலத்தை நீ உன் தங்கைக்குத்தான் எடுத்துவைத்துக் கொண்டுவந்தாய். அவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. அதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு நீ அந்தப் பொடியை நம்பினாய் என்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே சாட்சி, ஒரே ஆறுதல் அதுதான். அவள் நாக்கில் வைத்த மறுநொடி வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"என்னண்ணே இது கண்றாவி. செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்கு."

"வல்லாரைன்னா அப்படித்தான் இருக்கும். மார்க்கு வேணும்னா முழுங்கு."

"நீ முழுங்குனியா? அப்புறம் எப்படி அந்த மார்க்கு எடுத்த?"

நான் தோசைக்கல் முன்னால் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் மேஜையில் கிடந்த பொட்டலத்தை எடுத்து, சும்மா படத்தைப் பார்த்தேன். இலையின் விளிம்பு வழவழவென்று ஓடியது, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி. வல்லாரை இலையின் விளிம்பைச் சுற்றி மழுங்கிய பற்கள் இருக்கும். சின்னப் பிள்ளை பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கடித்து வைத்தாற்போல் இருக்கும். இந்த இலையில் ஒரு பல்கூட இல்லை. கல்லில் இருந்த தோசை கருகியது. வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி உன் தங்கையை நான் விரட்டியதைப் பார்த்து, "அம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம்" என்று நீயும் உன் அப்பாவும் ஒரே குரலில் சொன்னீர்கள். பதட்டம்தான். உங்கள் இருவருக்கும் சேர்த்து நான் ஒருத்தி பதறுவதால்தான் இந்த வீடு நடக்கிறது.

மறுநாள் காலையில் விருதுநகர் மார்க்கெட்டில் வேரோடு ஒரு கட்டு வல்லாரை வாங்கி, உன்னை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றி, நீ படம் எடுத்த அதே தரிசுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் முனகிக்கொண்டே வந்தாய். அங்கே நடந்ததை இங்கே எழுதுகிறேன், நீ மறந்துபோனதாக நடிக்க முடியாமல் இருக்க.

"ஏலே, உக்காரு."

"பேன்ட்டெல்லாம் மண்ணாயிரும்மா."

"ஆகட்டும். உக்காரு. இந்தத் தண்டைத் தூக்கிப் பாரு. கணுவுல வேர் இருக்கா?"

"இல்ல."

"கையில இருக்க கட்டைப் பாரு."

நீ வல்லாரையைத் திருப்பிப் பார்த்தாய். "இருக்கு. கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கு."

"ஏன்னா அது ஈரத்துல ஊர்ற செடி. வரப்புலயும் வாய்க்கா ஓரத்துலயும் தவழ்ந்து போகும், போற வழியெல்லாம் வேர் விடும். இங்கன எங்கலே ஈரம் இருக்கு? கரிசல் வெடிச்சு வாயைப் பொளந்து கிடக்கு. இதுல வல்லாரை எப்படி வரும்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?"

"நான் படம்தான எடுக்க வந்தேன்."

"இலையைக் கசக்கி மோந்து பாரு."

மோந்தாய். முகத்தைச் சுளித்தாய். "கொமட்டுது."

பிறகு நான் சொல்லாமலே நீயாகப் பார்க்க ஆரம்பித்தாய். அதுவரை உன்மேல் எனக்கு இருந்த வெறுப்பு அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் குறைந்தது. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் ஒரு பூவைக் கண்டுபிடித்தாய்: அடியில் சின்ன உருண்டை, அதன்மேல் குழல், குழலின் வாயில் கருஞ்சிவப்பாக ஒரே ஒரு நாக்கு. "பூ மாதிரியே இல்லையேம்மா" என்றாய். காய்ந்து வெடித்த காய் ஒன்று, கயிறு கட்டிய சின்னக் கூடை போலத் தொங்கியது. இன்னொரு தண்டில் கறுத்த உடம்பில் சிவப்பு முட்களோடு ஒரு புழு மேய்ந்துகொண்டிருந்தது. அது ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. இந்தச் செடிக் குடும்பத்தைத் தவிர வேறெதையும் தின்னாது. இன்னொன்றும் காட்டினேன். சுற்றிலும் ஆட்டு மந்தை போன தடம் இருந்தது. மற்ற செடியெல்லாம் மொட்டையாக மேயப்பட்டிருக்க, இது மட்டும் ஓர் இலைகூடக் குறையாமல் நின்றது. ஆடுதின்னாப்பாளை என்று அதற்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறது. பட்டதாரி படம் எடுத்து லேபிள் போட்டிருக்கிறான்.

"சரிம்மா. இது வேற செடிதான்" என்று நீ சொன்னாய். தெளிவாகச் சொன்னாய். நம் ஊர் சூலக்கரை வந்து வண்டியை நிறுத்தியதும் இன்னொன்றும் சொன்னாய். "ஆனா இப்பப் போயிச் சொன்னா லேபிள் அம்புட்டும் வீணாப்போயிரும்மா. மாமா என்னையக் கொன்னுருவாரு."

தெரியாமல் செய்தவனைத் திட்டலாம், மன்னிக்கலாம். தெரிந்தபின் லேபிளுக்காக அழுகிறவனை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அந்தச் செடி என்ன செய்யும் என்பதையும் அன்றே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அது மருந்துச் செடிதானே என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். மருந்து என்று சொல்லி அதைத் தொட்டவர்களுக்கும் அதன் பெயர் தெரிந்திருந்தது. இந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய்வரை கொண்டுபோகும் என்பது இன்றைக்கு மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். விழுங்கிய அன்று ஒன்றும் செய்யாது. வாந்தி வந்தாலும் பரீட்சைப் பயம் என்பார்கள். மெதுவாகத்தான் செய்யும். அதற்குள் பொட்டலம் குப்பைக்குப் போயிருக்கும், மார்க்ஷீட் வந்திருக்கும், பிள்ளை எங்கேயோ இஞ்சினியரிங் சேர்ந்திருக்கும். யாரும் உன்னோடு முடிச்சுப்போட மாட்டார்கள். அது உனக்கும் தெரியும். உன் நிம்மதியான தூக்கத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கும்போது, நான் பெற்ற முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

செடி விஷயத்தில் இந்தக் குடும்பம் இன்று கெட்டதல்ல. எனக்குக் கல்லூரிக் கடைசி வருடத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்கள், "பாட்டனியா? அப்ப வீட்டுல செடிக்கு ஆள் வைக்க வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அது நகைச்சுவை என்று அன்று நினைத்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவருடைய சித்தி ஒருத்தி கீழாநெல்லி என்று ஒரு கை நிறையச் செடியைப் பிடுங்கி வந்து அம்மியில் வைத்தாள். தரையோடு படர்ந்த செடி, இலைகள் எதிரெதிராக இருந்தன. ஒரு தண்டை ஒடித்தேன். வெள்ளையாகப் பால் துளிர்த்தது.

"சித்தி, கீழாநெல்லியில பால் வராது. இலையைத் திருப்புனா அடியில கடுகு மாதிரி காய் வரிசையாத் தொங்கணும். இதுல ஒண்ணையும் காணோம்."

"பால் வந்தா நல்லதுதான. சத்துதான்."

"இது அம்மான் பச்சரிசிச் சாதி, சித்தி. வேற செடி."

"காலேசுல படிச்சா இப்படித்தான். கட்டுன புருசனுக்கு மருந்து குடுக்கவிடாம செடியை உத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறது."

அரைத்தார்கள். உன் அப்பா குடித்தார், நான் மறைத்து வைத்துக் கொடுத்த ஆஸ்பத்திரி மாத்திரையையும் சேர்த்து. குணமானது. அந்தப் பெருமை இன்றுவரை அந்தச் செடிக்கும் சித்திக்கும்தான். இப்படிப்பட்ட வீட்டில் இருபது வருடமாக நான் வாய் மூடிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும் கற்றுக்கொடுத்தேன். ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது குப்பைமேனியையும் துத்தியையும் நீ சரியாகப் பிரித்துச் சொல்வாய். குப்பைமேனிப் பூவின் அடியில் கிண்ணம் போல ஒரு பச்சைச் செதில் இருக்கும் என்பது ஐந்து வயதில் உனக்குத் தெரியும். பி.காம். முடித்தபோது அந்தக் கண் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. போனில் சார்ஜ் ஏறும்போது உன் தலையிலிருந்து இறங்கிவிடும் போலிருக்கிறது.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததும் நானே சிவகாசிக்குப் போனேன். நீயும் பின்னாலேயே வந்தாய். என்னைத் தடுக்கவா, என் பக்கம் நிற்கவா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நீ இரண்டையும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாமா புது லேபிள்களுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் மார்க்கெட் வல்லாரையையும் தரிசுச் செடியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்.

"இலைன்னா இலைதான தங்கச்சி. ரெண்டும் வட்டமாத்தான இருக்கு."

"ஒண்ணுல பல்லு இருக்கு, ஒண்ணுல இல்ல. பாருங்கண்ணே."

"பல்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. கடிக்கவா போகுது?" என்று சொல்லி, மெஷின்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சம்பளத்துக்கு உண்டான அளவு சிரித்தார்கள். "நீ பாட்டனி படிச்ச, சரி. படிச்சு என்னத்தைக் கண்டுபிடிச்ச? கருவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம்."

"அதைக்கூட நீங்க லேபிளைப் பாத்துத்தான் சொல்லுவீக."

அவர் முகம் மாறியது. அப்போதுதான் உன் அத்தை காபியோடு வந்தாள். நான் அவளிடம் திரும்பினேன். அவர்கள் மகளும் இந்த வருடம் பிளஸ் டூ.

"மதினி, நம்ம பிள்ளைக்கு இந்தப் பொடியைக் குடுக்கீகளா?"

"அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள் உன் அத்தை, டம்ளரை நீட்டிக்கொண்டே. "அவ பாதாம்ல சாப்பிடுதா."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. உனக்கும் கேட்டது. உன் மாமா ரொம்ப அக்கறையாகக் காபியை ஆற்ற ஆரம்பித்தார். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் காபியைத் தொடாமல் குடோனுக்குப் போனேன். பேப்பர் அடுக்குகள் ஒரு பக்கம், இலை மூட்டைகள் இன்னொரு பக்கம். வாசலில் தீ அணைக்க மணலும் தண்ணீருமாகச் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட மட்டுமே அங்கே இருக்கிறவை. தண்ணீர் வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூட்டை வாயைத் திறந்து, ஊற்றினேன். வாளி தீர்ந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன்.

மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தே வயதாகிற ஊர் அது. வெடியானாலும் தாளானாலும் அங்கே சரக்கை நனைப்பது கொலைக்குச் சமம். உன் அத்தை நெஞ்சில் கைவைத்தாள். "பொம்பளையா இவ" என்றார் மாமா. "சரக்கை நனைச்சுட்டாளே" என்று அன்று மாலையே சாத்தூர் வரைக்கும் செய்தி போய்விட்டது. அந்தப் பட்டத்தை நான் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன். பி.எஸ்ஸி.யைவிட அது எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஊறிய இலை அழுகி, மறுநாள் அதைக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். வெளியே போன பொட்டலங்கள் போனவைதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நம் ஊரிலேயே ஒரு வீட்டை நானே கண்டுபிடித்தேன். தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பெண் உன் பொட்டலத்தைப் படம்பிடித்துப் போட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு "இப்போதைக்கு எங்க டியூஷனுக்கு மட்டும்தான்" என்று பெருமையாகப் பதில் எழுதியிருந்தாள். போனேன். கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே ஒரு பையன் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பொடியைப் பிள்ளைக்குக் குடுக்காதீகம்மா. இது வல்லாரை இல்ல."

"நீங்க யாரு?"

"பொட்டலம் குடுத்த பையனோட அம்மா."

"உங்க வீட்டுலயும் பரீட்சை எழுதுற பிள்ளை இருக்கோ?"

"மக இருக்கா. பத்தாவது."

"அதான பாத்தேன்." கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். "என் மகன் நேத்து கெமிஸ்ட்ரியை மூடி வச்சுட்டுக் கடகடன்னு சொல்லுதான். இம்புட்டு நாளா வாயே திறக்காத பிள்ளை. உங்களுக்குத் தட்டுப்பாடு வந்துட்டா என்னத்தையாவது சொல்லி வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தீகளாக்கும்."

"இது சிறுநீரகத்தைக் கெடுக்கும்மா. சத்தியமாச் சொல்லுதேன்."

"அந்தத் தம்பி எம்புட்டு மரியாதையா வந்து, உக்காந்து, எப்படிக் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு தெரியுமா? அந்தத் தம்பி வந்து சொல்லட்டும். தாரேன்."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பையன் உப்புகளின் பெயரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நான் அந்த வாசலில் நின்று, ஒரு தாயை என் வாழ்நாளில் இல்லாத அளவுக்கு மனதுக்குள் திட்டினேன். முட்டாள் என்றேன். மார்க்குப் பிசாசு என்றேன். திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குப் புரிந்தது, அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் நம்பியது செடியையும் அல்ல, லேபிளையும் அல்ல. உன் முகத்தை நம்பியிருக்கிறாள். என் முகத்தை எவளும் நம்பப் போவதில்லை. ஏதோ பதறிக்கொண்டு வந்த பொம்பளை நான்.

சென்னையில் உன் மாமா புது லேபிள் அடித்து, யாரிடமோ மொத்தமாகப் பொடி வாங்கி அடைத்து, உன்னை கேமரா முன்னால் நிற்க வைக்கப் போகிறாராம். பொடியாகிவிட்ட பிறகு எல்லாச் செடியும் ஒரே செடிதான்; கணு இல்லை, விளிம்பு இல்லை, பூ இல்லை. பொடியைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்கிறேன் என்கிறவன் பக்கத்தில்கூட நிற்காதே. முழுச் செடியைப் பார். எந்த மண்ணில் நிற்கிறது, தண்டு தவழ்கிறதா நிமிர்கிறதா, இலை ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறதா ஜோடியாக வருகிறதா, விளிம்பு எப்படி, அடிப்பக்கம் என்ன நிறம், ஒடித்தால் பாலா தண்ணீரா, கசக்கினால் என்ன வாசம், எது அதைத் தின்கிறது, எது தின்ன மறுக்கிறது. பூவும் காயும் வரும்வரை பொறு. அவசரமென்றால் தெரியவில்லை என்று சொல். செடி விஷயத்தில் தெரியவில்லை என்று சொன்னதால் யாரும் செத்ததில்லை. பெயரைக் கடைசியாகச் சொல்கிறவனுக்குத்தான் செடி தெரியும். நீ பெயரில் தொடங்கினாய், அதுவும் மாமா கேட்ட பெயரில்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: தங்க ஓரம் போட்டு, நடுவில் வட்டமான பச்சை இலைப் படத்தோடு ஒரு வல்லாரைப் பொடிப் பொட்டலம் உங்கள் வீட்டுக்கோ பிள்ளையின் டியூஷனுக்கோ இலவசமாக வந்திருந்தால், இலையின் விளிம்பைப் பாருங்கள். பல் இல்லை என்றால் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதென்றால் அதற்கப்புறம் திட்டுங்கள். என் பிள்ளையையும் திட்டுங்கள், தடுக்க மாட்டேன்.

உனக்கு இனிச் சொல்ல அதிகம் இல்லை. உன் ரயில் டிக்கெட்டை என் போனில் போட்டிருந்தாய். அதை ரத்து செய்துவிட்டேன். உன் மாமா தனியாகப் போகட்டும், வழித்துணைக்கு லேபிள் இருக்கிறது. பைக்கில் பெட்ரோல் நிரப்பி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, வெறும் வயிற்றோடு வெயிலில் அலையாதே. முதலில் நம் ஊரில் அந்த அம்மா வீட்டுக்குப் போ. கதவைத் திறந்ததும் சிரிக்காதே. அன்றைக்கு உட்கார்ந்தாயாம், இன்றைக்கு உட்காராதே. "நான் குடுத்தது தப்பான செடி" என்று, அவள் மகன் காதில் விழுகிற மாதிரி சொல். திட்டுவாள். நின்று கேள். பொட்டலத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.